ஒட்டிய உறையும் ஒரு மார்க்கும்

அத்தியாயம் நான்கு: ரப்பர் மணத்தது

குடும்ப மானத்துக்கு ஆபத்து என்று அண்ணன் ஆள் அனுப்பினால் கந்தப்பு சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வருவார். அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் அப்படித்தான் வந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, மானத்தோடு ஒரு வெள்ளிக் கோப்பைக்கும் ஆபத்து என்று. இரண்டில் எதற்காக அண்ணன் அதிகம் பதறினார் என்பது அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை.

கந்தப்பு ஜொகூர் பாரு போலீஸ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், மலாய், இங்கிலீஷ் என்று மூன்று பாஷைகளிலும் பொய் கேட்டுத் தேறிய காது அவருடையது. ஓய்வுக்குப் பிறகு அந்தக் காதைத் துருப்பிடிக்க விடாமல் துப்பறிய வைத்திருந்தார். அவருக்கு உதவியாள் தங்கராஜு. முன்பு மோட்டார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பிரயாணிகளிடம் வாய் கொடுத்தே வேலையை இழந்தவன். வேலைதான் போயிற்றே தவிர, வாய், மலாய்ப் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்ட 'லா', 'அலமாக்' எல்லாவற்றோடும், இருந்த இடத்திலேயே இருந்தது.

ஞானவிருத்தி சங்கத்தின் மண்டபத்தில், அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அண்ணன் விசுவலிங்கம் காத்திருந்தார். சங்கத்தின் தலைவர் அவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் பெரிய கிளார்க்கு. தலைப்பாகை, மூடிய கழுத்துக் கோட்டு, தங்கச் சங்கிலி இத்தனையும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் அவருடைய மனைவியும் நாவிதரும் மட்டும்தான் என்று ஊரில் பேச்சு.

"தம்பி, விஷயம் வெட்ட வெளிச்சம்" என்று ஓர் உறையை நீட்டினார் விசுவலிங்கம். "மணந்து பார். ரப்பர்! ரப்பர் எங்க கிடக்கு? தோட்டத்தில. தோட்டத்துப் பிள்ளையள் வியாழக்கிழமை இரவு எங்க படுத்தவை? இந்த அலுமாரிக்குப் பக்கத்தில. வேற என்ன வேணும்?"

விஷயம் இதுதான். ஜொகூரிலுள்ள தமிழ்ப் பள்ளிகளுக்கெல்லாம் சங்கம் ஒரு பொது அறிவுப் போட்டி நடத்தியது. பள்ளிக்கு மூன்று பிள்ளைகள். ஓர் அணி மேடையில் நின்று வரிசை முறையில் பதில் சொல்லும்போது மற்ற அணிகள் பின்னறையில் அடைபட்டிருக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்விகள். கேள்விகளையும் பதில்களையும் எழுதி, உறையில் ஒட்டி, முதல் நாளே கொண்டுவந்து கொடுத்தவர் சிங்கப்பூரிலிருந்து வந்த நடுவர். உறை சங்கத்தின் பூட்டில்லாத அலுமாரியில் இருந்தது. காஹாங் தோட்டப் பள்ளியின் அணிக்கு ஊரில் தங்க இடமில்லாததால் அந்த அறையிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை போட்டி. ஜொகூரில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளிதான் விடுமுறை. ஆகையால் சங்கத்துப் பிரமுகர்கள் அத்தனை பேரும் மேடையில் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போட்டி முடிந்தபோது நகரப் பள்ளி அணியும் காஹாங் அணியும் சமமாக நின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளோடு சமமாக நிற்பது எங்கேயாவது நடக்குமா? சபையில் பலர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்கள். அந்த வேளையில் நடுவர் உறையைப் புரட்டினார். மேடையில் அவர் ஓரத்தைக் கத்தரித்துத்தான் தாள்களை எடுத்திருந்தார். இப்போது ஒட்டிய வாயை இழுத்தால் அது பாகு மாதிரி நீண்டது. யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். முகர்ந்தார். ரப்பர். நின்ற வாய்கள் உடனே மறுபடி மெல்லத் தொடங்கின.

"எல்லாம் தெரிஞ்ச பிறகு என்னை ஏன் கூப்பிட்டனீங்கள், அண்ணை?"

"முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ? அந்தத் தோட்டத்து வாத்தியார் ராஜசேகரன் விசாரணை வேணும் எண்டு நிக்கிறார். வேற ஆரும் விசாரிச்சா வெளியால கதைப்பினம். நீ எண்டால் நம்மட ஆள். பின்னேரம் கூட்டம். அதுக்கு முதல் விசாரிச்சு முடி. கோப்பை நகரப் பள்ளிக்கு. எங்கட திலகத்தின்ர கையில."

திலகம் அவருடைய மகள். நகர அணியின் தலைவி.

"தீர்ப்பு தயார், விசாரணை மட்டும்தான் பாக்கி" என்று தங்கராஜு கூரையைப் பார்த்துச் சொன்னான். "பிரமாதமான கோர்ட்டு இது லா."

விசுவலிங்கம் அவனைப் பார்க்கவில்லை. கண்டக்டர்களைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

மண்டபத்தின் மூலையில் காஹாங் அணி மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தது. இரண்டு பையன்கள் அழுது முடித்திருந்தார்கள். நடுவில் இருந்த பெண் அழவில்லை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. பெயர் அங்கம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜசேகரன் எழுந்து கும்பிட்டார்.

"ஐயா, கோப்பை போனா போவுதுங்க. இந்தப் பிள்ளை ஜெயிச்சா இங்கே விடுதியில சேர்த்துப் படிக்க வைக்கிறதா சங்கத்துல வாக்குக் கொடுத்தாங்க. இப்ப திருடின்னு பேரு வாங்கிக்கிட்டுத் திரும்பிப் போனா, எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்ப்பாங்க? நாளைக்கே வாளியத் தூக்கிக்கிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போவ வேண்டியதுதான். அப்புறம் அந்தத் தோட்டத்துல எந்த ஆத்தா பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவா?"

கந்தப்பு அங்கம்மாவைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய், பிள்ளை? உறையைத் தொட்டனீயோ?"

"தொடலைங்க" என்றாள் அங்கம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்ததுபோல, "அந்த ஒரு மார்க்கு எங்களுக்கு வரணுங்க" என்றாள்.

"எந்த மார்க்கு?"

"வெள்ளிக்கிழமை மார்க்குங்க."

தங்கராஜு வாய்விட்டுச் சிரித்தான். "நேத்து நீங்க வரலை ஐயா, பெரிய கூத்தை விட்டுட்டீங்க. 'ஜொகூர் அரசாங்க ஆபீஸுங்களுக்கு வார லீவு எந்தக் கிழமை'ன்னு கேள்வி. இந்தப் பொண்ணு வெள்ளின்னு சொல்லிச்சு. நடுவர் தாளைப் பாத்தாரு, தப்பு, ஞாயிறுன்னுட்டாரு. அலமாக்! மனுஷன் சிங்கப்பூர்க்காரரு. அங்கே ஞாயிறுதானே லீவு. சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டினா கிழமை மாறும்னு அவருக்குத் தெரியலை. எழுதினதை எழுதினபடி பிடிச்சுக்கிட்டாரு. கேட்ட சனமெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. இதுல வேடிக்கை, அவரு நேத்து இங்கே வர்றதுக்காக அவரு ஆபீஸ்ல லீவு போட்டுட்டு வந்தவரு!"

"வேற எதிலயும் பிழை விட்டனீங்களோ?" என்று கந்தப்பு அங்கம்மாவைக் கேட்டார்.

"இல்லீங்க. அதுவும் நாங்க விட்ட பிழை இல்லீங்க."

கந்தப்பு மீசையின் ஒரு பக்கத்தைத் தடவினார். கோர்ட்டில் சாட்சி உண்மை பேசினால் அவருக்கு அந்தப் பக்கம்தான் அரிக்கும். மிக அபூர்வமாகத்தான் அரித்திருக்கிறது.

வெளியே வந்ததும் உறையைத் தங்கராஜுவின் மூக்குக்குக் கீழே நீட்டினார். "நீர் தோட்டத்தில பிறந்தவர். மணந்து சொல்லும் காணும்."

தங்கராஜு முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். "ஐயா, சங்கத்துல இருக்கிற பெரிய மனுஷங்களுக்கெல்லாம் மூக்கு கண்ணாடி மாட்டத்தான் போலிருக்கு. மரத்துப் பாலு காஞ்சா புளிச்ச நாத்தம் அடிக்கும், ஊரே ஓடும். இதுல பெட்ரோல் வாசம். இது சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டற பசை. நம்ம ரப்பரு கப்பலேறிச் சீமைக்குப் போயி, துரை மாதிரி வேஷம் மாத்திக்கிட்டு, குப்பிக்குள்ள உக்காந்து திரும்பி வந்திருக்கு."

"தோட்டத்தில சைக்கிள் ஆரிட்ட இருக்கு?"

"கணக்கு எழுதற கிராணிகிட்ட இருக்கும். மத்தவனுக்குக் காலே இரவல். பஸ்ஸுல வந்த பிள்ளைங்க பஞ்சர் பசையை மடியில கட்டிக்கிட்டா வரும்?"

"அப்ப சைக்கிள் வைச்சிருக்கிற ஆள். அலுமாரிக்குக் கிட்டப் போகக்கூடிய ஆள். நகரப் பள்ளி வெல்ல வேணும் எண்டு துடிக்கிற ஆள்."

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஜெயபாலன்.

ஜெயபாலன் சங்கத்தின் காரியதரிசி. நகரப் பள்ளியின் ஆசிரியர். போட்டிக்கு அணியைத் தயார் செய்தவரும் அவரே. தன் பள்ளி தோற்றால் ஜலசந்தியில் குதிப்பதாகச் சபதம் செய்திருந்தார். சமமாக நின்றதால் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றால் போதும் என்று தங்கராஜு அபிப்பிராயப்பட்டான்.

கடற்கரைச் சாலையில் அவரைப் பிடித்தார்கள். வியர்த்து வழிய, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சக்கரம் தோசை மாதிரித் தரையோடு படிந்திருந்தது.

"என்ன வாத்தியாரே, சைக்கிள் உங்களை ஏத்தாம நீங்க சைக்கிளை ஏத்திக்கிட்டு வர்றீங்க?" என்றான் தங்கராஜு.

"பஞ்சர்பா. புதன்கிழமையிலிருந்து தள்றேன். இடுப்புப் போச்சு."

"ஒட்டுறதுக்குப் பசை இல்லையோ?" என்று கந்தப்பு மெதுவாகக் கேட்டார்.

"இருந்ததுங்களே! புதுக் குப்பி. பையில வச்சிருந்தேன். வியாழக்கிழமை ஒட்டலாம்னு எடுத்தப்ப உங்க அண்ணன் பாத்தாரு. 'ஒரு சின்ன வேலை இருக்கு, தாரும்'னு வாங்கிட்டுப் போனாரு. திருப்பித் தரலை. தலைவர்கிட்டப் போயி, ஐயா என் பஞ்சர் பசையைக் குடுங்கன்னு கேக்க முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

தங்கராஜு குனிந்து சைக்கிளின் பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தான்.

விசுவலிங்கத்திடம் சைக்கிள் கிடையாது. சைக்கிள் மிதித்தால் வேட்டி விலகும், வேட்டி விலகினால் வம்சம் விலகும் என்பது அவருடைய கொள்கை. தம்பி கந்தப்பு இளம் வயதில் ஒரு சைக்கிள் வாங்கியபோது மூன்று வருஷம் அவரோடு பேசாமல் இருந்தவர். சைக்கிளைக் கையால் தொடாத மனிதருக்குச் சைக்கிள் பசையால் என்ன சின்ன வேலை?

"இன்னொண்டு, மாஸ்டர்" என்றார் கந்தப்பு. "அந்த விடுமுறைக் கேள்விக்கு உங்கட பிள்ளையள் என்ன சொன்னவை?"

ஜெயபாலனின் முகம் மலர்ந்தது. "அது திலகத்தோட முறை. டக்குனு 'ஞாயிறு'ன்னுச்சு பாருங்க! மார்க்கு விழுந்துச்சு. எங்க பையன் ஒருத்தன் வேற கேள்வியில முழிக்காம இருந்திருந்தா கோப்பை அப்பவே நம்ம கையில. சனமெல்லாம் நடுவரைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. சிரிக்கட்டுமே, மார்க்கு மார்க்குத்தானே?"

சபை முழுவதும் நடுவரைப் பார்த்துச் சிரித்தது. பதில் சொன்ன பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு ரிக்ஷாவைப் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். வழியில் தங்கராஜு தொண்டையைக் கனைத்தான். "ஐயா, இங்கேயே திரும்பிடலாம். 'கண்டுபிடிக்க முடியலை'ன்னு சொல்லிடலாம். துப்பறிகிறவங்களுக்கும் ஒரு நாள் மூக்கடைப்பு வரலாம். குடும்பம் லா."

"குடும்பம் எண்டபடியாத்தான் போறன்" என்றார் கந்தப்பு. முதுகு ரிக்ஷாவின் சாய்வில் படாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டு முன்கூடத்தில் திலகம் தலைவாரி, பட்டுப் பாவாடை கட்டிக் கூட்டத்துக்குத் தயாராக இருந்தாள். கோப்பை வாங்கும் நாளில் முகம் இப்படி இருக்கக் கூடாது. யாரோ செத்த வீட்டுக்குக் கிளம்புகிறவள் போல இருந்தாள்.

"பிள்ளை, நேற்று உன்ர அப்பா போட்டிக்கு வந்தவரெல்லோ? ஒபிசுக்கு லீவு போட்டவரோ?"

"இல்லைச் சித்தப்பா. வெள்ளிக்கிழமை ஒபிஸ் பூட்டுத்தானே" என்றாள்.

"நாளைக்கு ஞாயிறு. நாளைக்கு அப்பா எங்க போவார்?"

"ஒபிசுக்கு."

"பிறந்த நாள் தொடக்கம் வெள்ளிக்கிழமையில அப்பாவை வீட்டில பாக்கிறாய். ஞாயிறு எண்டு எப்படிச் சொன்னனீ?"

திலகம் பாவாடையின் சரிகையைச் சுருட்டினாள். "போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் அப்பா கேள்வியெல்லாம் சொல்லித் தந்தவர். பழக்கத்துக்கு எண்டுதான் சொன்னவர். மேடையில அதே கேள்வியள் வந்த உடனதான் எனக்கு விளங்கினது. அந்தக் கேள்விக்கு, வெள்ளியெல்லோ அப்பா எண்டு அப்பவே கேட்டனான். 'எழுதினவர் எழுதினபடி சொல்லு, எதிர்க்கதை வேண்டாம்' எண்டார். அப்பாக்கு எதிர்க்கதை கதைச்சு எனக்குப் பழக்கம் இல்லைச் சித்தப்பா."

கந்தப்புவுக்கு எல்லாம் தெளிந்தது. தெளியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. அண்ணன் வாழ்க்கை முழுவதும் துரைமார் எழுதிக் கொடுத்ததைப் பிழையோடு நகல் எடுத்தே பெரிய கிளார்க்கு ஆனவர். மேலே உள்ளவர் தாளில் எழுதிவிட்டால் வெள்ளிக்கிழமைகூட ஞாயிறாகிவிட வேண்டும். வெள்ளி முழுதும் வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடக்கிற மனிதர், ஞாயிறுதான் விடுமுறை என்று பெற்ற மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்! வேறு எந்தத் திருடனும் அந்த ஒரு பதிலையாவது திருத்தியிருப்பான்.

விசுவலிங்கம் உள்ளே கண்ணாடி முன்னால் நின்று தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். கந்தப்பு உறையை மேசையில் வைத்தார்.

"ஜெயபாலன் மாஸ்டர் தன்ர பசையைக் கேட்டவர், அண்ணை."

தலைப்பாகையின் ஒரு சுற்று நழுவியது. விசுவலிங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குள்ளிருந்த தம்பியைப் பார்த்தே பேசினார்.

"கூலிக்காரற்ற பிள்ளையள், என்ர பிள்ளையைத் தோற்கடிச்சு... இந்த ஊரில நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது? நீயே சொல்லு. குடும்ப மானம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

"இருக்கு. அதைக் காப்பாற்றத்தானே என்னைக் கூப்பிட்டனீங்கள்? காப்பாற்றுறன். கூட்டத்தில நீங்களாகச் சொன்னால் அது மானம். நான் சொன்னால் அது செய்தி. எது வேணும் எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

"தம்பி, நீ என்ர தம்பி!"

"ஓம். அதுதான் முதல்ல இங்க வந்தனான்."

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. நல்லது நடக்கும்போது பாதி ஊர் வரும். திருட்டு பிடிபடும்போது மீதிப் பாதியும் வரும். மேடையில் சிங்கப்பூர் நடுவர், பக்கத்தில் வெள்ளிக் கோப்பை, அதன் பக்கத்தில் கோப்பையைவிடப் பளபளப்பாக விசுவலிங்கம். கீழே ஒரு பெஞ்சில் நகர அணி. எதிர்ப் பெஞ்சில் காஹாங் அணி. மூட்டைகள் மடியில் இருந்தன.

விசுவலிங்கம் எழுந்தார். தொண்டையைச் செருமினார். கந்தப்பு முன்வரிசையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்தார். அண்ணன் அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

"சபையோர்களே! விசாரணை முடிந்தது" என்று விசுவலிங்கம் மேடைத் தமிழில் தொடங்கினார். "உறையில் ரப்பர் இருந்தது சகலருக்கும் தெரியும். ரப்பர் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். ஆகையினால் மிகுந்த மன வருத்தத்தோடு..."

கந்தப்பு கைத்தடியை அழுத்தி எழப் போனார். அதற்குள் நகரப் பள்ளிப் பெஞ்சிலிருந்து ஒரு பட்டுப் பாவாடை சரசரத்தது.

"அப்பாக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு" என்றாள் திலகம்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

"நான் ஞாயிறு எண்டு சொன்னது அப்பா சொல்லித் தந்தபடியால். கேள்வியெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்தவர். அந்தப் பிள்ளையள் ஒண்டும் எடுக்கேல்லை. எடுத்திருந்தா அவையும் ஞாயிறு எண்டுதான் சொல்லியிருப்பினம்." சொல்லி முடித்தும் அவள் உட்காரவில்லை.

இந்த முறை சபை நடுவரைப் பார்க்கவில்லை. பதில் சொன்ன பிள்ளையைத்தான் பார்த்தது.

விசுவலிங்கம் நடுவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசியாகத் தம்பியைப் பார்த்தார். பாதி எழுந்த கந்தப்பு அப்படியே நின்றார்; அண்ணன் பேசுவதற்கு இடம் விட்டு நின்றார். விசுவலிங்கம் இரண்டு கைகளாலும் தலைப்பாகையைக் கழற்றிக் கோப்பையின் பக்கத்தில் வைத்தார். மனைவியும் நாவிதரும் மட்டும் கண்டிருந்த வழுக்கையை அன்று ஜொகூர் பாரு முழுவதும் கண்டது.

"பிள்ளை சொல்லுறது சரி" என்றார். மேடைத் தமிழ் எங்கேயோ போயிருந்தது. "உறையை நான்தான் உடைச்சனான். நான்தான் ஒட்டினனான்."

"பசையைத் திருப்பிக் குடுத்திருந்தா வாத்தியாராவது சைக்கிள்ல வந்திருப்பாரு" என்று தங்கராஜு முணுமுணுத்தான். கந்தப்பு அவன் காலைக் கைத்தடியால் இடித்தார்.

மண்டபத்தில் ஒரே இரைச்சல். ஆளுக்கொரு நீதி சொன்னார்கள். ராஜசேகரன் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தார். அந்த அமளிக்குள் அங்கம்மா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நேராக மேடைக்குப் போய் நடுவர் முன்னால் நின்றாள்.

"அப்ப அந்த மார்க்குங்க?"

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையிலிருந்த பதில் தாளைப் பார்த்தார். மேடையில் தலைப்பாகையில்லாமல் நின்ற மனிதரையும் பார்த்தார். எழுதினதை எழுதினபடி பிடித்துக்கொண்டால் மனிதன் எந்த நிலைக்கு வருவான் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் அவருக்குக் கிடைத்திருக்காது.

"வெள்ளிக்கிழமைதான்" என்றார். "ஒரு மார்க்கு."

சமமாக நின்ற தராசு அந்த ஒரு மார்க்கில் சாய்ந்தது.

கோப்பையை யார் கொடுப்பது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விசுவலிங்கம் கையை நீட்டித் தானே எடுத்தார். வெறுந்தலையோடு மேடையிலிருந்து இறங்கி வந்து அங்கம்மாவிடம் கொடுத்தார். அவள் வாங்கினாள். வாங்கிக்கொண்டு, "நாளைக்கே விடுதியில சேரலாமுங்களா? இல்லே, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, லீவுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை, பிள்ளை" என்றார் விசுவலிங்கம். "நாளைக்கு வேலை நாள்."